நுண்ணோக்கி மையத்தில் வேலை: சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்த் தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணோக்கி மையத்தில் திட்டப் பணியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. “நாளெல்லாம் படம் எடுப்பதற்கா இவ்வளவு படித்தாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். சேரலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகச் சேருங்கள். படம் எடுப்பது இந்த வேலையின் ஒரு படிதான். உதாரணமாக, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருவில் வளரும் சிசுவின் மூளைக்கான முப்பரிமாணப் படத்தொகுப்பை வெளியிட்டது. அதில் 5,132 மூளைச் சீவல்கள் செல்கள் தெரியும் நுணுக்கத்துடன் பதிவாகியிருக்கின்றன. உறையவைத்த மூளையைத் தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, மடிப்பு விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயமூட்டிய பிறகே அவை ஸ்கேனருக்குப் போகின்றன. ஒரு சீவல் கிழிந்துவிட்டால் அதே இடத்தை மறுபடி அறுக்க வழியில்லை. அந்தக் கைப்பக்குவம், மூத்தவர்களின் அருகில் நின்று பார்த்துப் பழகுவோருக்குத்தான் வரும்.

அடுத்தது அளவீடு. 8 பிட் படத்தில் ஒவ்வொரு பிக்சலின் ஒளிர்வும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். மாதிரியை ஒளிரவைக்கும் லேசரைக் கூட்டிவைத்தால் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் செல்லின் நடுப்பகுதி 255ஐத் தொட்டுவிட்டால், அங்கே ஒளிரும் புரதம் பக்கத்து இடத்தைவிட இருமடங்கா, ஐந்து மடங்கா என்பதை அதன்பின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அழகாக இல்லாத, சற்று மங்கலான படமே சரியான படம் என்று பேராசிரியரிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

படத்தின் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். படி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் இரு ஆய்வாளர்களும் 20,621 ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் கட்டுரைகளில் சந்தேகத்துக்கு இடமான படங்கள் இருந்தன. அவற்றில் பாதியேனும் வேண்டுமென்றே திருத்தப்பட்டதற்கான அறிகுறிகளைக் காட்டின. மருந்தும் சிகிச்சையும் இத்தகைய கட்டுரைகளை நம்பித்தான் உருவாகின்றன என்பதால், இதை நான் சிறிய தவறாகக் கருதவில்லை. சேரும் நாள் வரை, படங்களை அளந்து ஆராய உதவும், இலவசமாகக் கிடைக்கும் ‘இமேஜ்ஜே’ மென்பொருளில் பழகிக்கொண்டிருங்கள்.

கேள்வி: இத்தகைய பணி நிரந்தரமாகுமா? முனைவர் பட்டத்துக்கு உதவுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான், திட்டம் முடிந்தால் பணியும் முடியும். ஆகவே பணியில் இருக்கும்போதே நெட் அல்லது கேட் தகுதித் தேர்வை எழுதிவிடுங்கள். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டச் சேர்க்கையில் இந்த அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும், கருவியைத் தனியாக இயக்கவும் கற்றிருந்தால். எந்தக் கருவியில் பயிற்சி தருவார்கள், மாதிரியைத் தயாரித்துப் படமும் எடுத்தவரின் பெயர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியுரையோடு நின்றுவிடுமா என்பவற்றை நேர்காணலிலேயே தயங்காமல் கேளுங்கள்.