சிங்க் அடைத்துக்கொண்ட இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த வருடம் கலை ஆர்வமுள்ளவர்களுக்கான ரிஸ்லி விடுதிக்கு மாறப்போகிறாளாம். கறுப்பினப் பண்பாட்டுக்கு ஒரு விடுதி, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு ஒன்று என்றும் அங்கே உண்டு என்கிறாள். பலரோடும் பழகத்தானே பல்கலைக்கழகம்? இது தங்களுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வது இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1969 ஏப்ரலில் அதே கார்னெலில், கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த வீட்டு வாசலில் யாரோ சிலுவையைக் கொளுத்திப் போட்டார்கள். கறுப்பினத்தவரை மிரட்ட வெள்ளை இனவெறியர்கள் செய்வது அது. மறுநாள் கறுப்பின மாணவர்கள் மாணவர் சங்கக் கட்டடத்தையே கைப்பற்றினார்கள். கறுப்பினப் பண்பாட்டுக்கான அந்த விடுதி, உஜமா, வந்தது 1972இல். இதை ஒதுங்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூர்வகுடிகளுக்காக 1991இல் திறந்த விடுதியின் பெயர் அக்வேகோன். மோஹாக் மொழியில் ‘நாம் எல்லோரும்’. இந்த விடுதிகளில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

ரிஸ்லி 1970 முதல் கலை விடுதி. நடிக்கிறவர்களும் வரைகிறவர்களும் பாடுகிறவர்களும் ஒரே ரகம் என்று நினைக்கிறீர்களா? ஒத்திகைக்கு யாருக்கு எப்போது இடம் என்று பேச்சு வரட்டும், தெரியும்.

நான் ஒரு வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தின் மொழி விடுதியில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு மட்டும்தான். முதல் மாதம் வாயாடிகள் எல்லாம் ‘உப்பு, நன்றி’யோடு நிறுத்திக்கொண்டோம். அப்புறம் ஒரு ராத்திரி சிங்க் அடைத்துக்கொண்டது. ‘அடைப்பு’க்கு பிரெஞ்சில் என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களில் நன்றாகப் பேசுகிறவன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதுவரை வாயே திறக்காத இயற்பியல் மாணவி ஸ்பேனரோடு கீழே படுத்து, கையை மட்டும் வெளியே நீட்டி வாளி கேட்டாள். தரையெல்லாம் தண்ணீர்.

மறுநாள் பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்று விடுதிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரச் சண்டை, அதுவும் பிரெஞ்சில். ‘நீ எச்சிலை வழித்துவிட்டுக் கழுவியிருந்தால் அடைத்திருக்காது’ என்ற வாக்கிய அமைப்பு எனக்குப் பிடிபட்டது அங்கேதான். வகுப்பில் வந்தபாடில்லை. மொழி எங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவுதான். பழக வைத்தது சிங்க்.

மகளிடம் ஒன்று விசாரிக்கச் சொல்லுங்கள்: அங்கே விடுதிக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? பத்துப் பேர்கூடத் தேறவில்லை என்றால், பேசாமல் இப்போதைய அறையிலேயே இருக்கட்டும்.