தினமும் ஒரு குவார்ட்டர் ‘மட்டும்’: லிவர் டானிக் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். இருபது வருடமாகக் குடிக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர் மட்டும். ஞாயிறு மட்டும் ஆஃப். குடித்துவிட்டு யாரிடமும் வம்புக்குப் போனதில்லை, வேலைக்கு மட்டம் போட்டதில்லை. காலையில் கை லேசாக நடுங்கும். ஒரு கட்டிங் மட்டும் போட்டால் நின்றுவிடும். இரண்டு வருடம் முன்பு சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்வது போல் தெரிந்தது, உடம்பெல்லாம் வேர்வை. காத்து கருப்பு என்று மந்திரித்து, மாலையைக் கழற்றினோம். மறுபடி குடித்ததும் சரியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் லிவர் என்சைம்கள் எஸ்.ஜி.ஓ.டி. 96, எஸ்.ஜி.பி.டி. 41. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. என் தாத்தா 82 வயது வரை குடித்தார். லிவருக்கு நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள் டாக்டர். தடைக்காலம் முடிந்ததும் குறைத்துக்கொள்கிறேன்.
— வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ‘மட்டும்’ வருகிறது. மூன்றையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போடுவோம்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, அட்டையில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது உள்ளே சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஆறு நாள் குவார்ட்டர், ஞாயிறு ஆஃப்: வாரத்துக்கு 365 கிராம் வந்துவிட்டது. காலை கட்டிங்கை நீங்கள் குடியில் சேர்க்கவில்லை, மருந்துக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். அந்த 90 மில்லியையும் ஏழு நாளுக்குச் சேர்த்தால் மொத்தம் சுமார் 580 கிராம்.

2018-ல் ‘லான்செட்’ இதழில் வசதியான நாடுகளைச் சேர்ந்த சுமார் 6 லட்சம் குடிப்பவர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. வாரம் 350 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்கு, 100 கிராமுக்குள் குடிப்பவர்களைவிட, 40 வயதிலிருந்து பார்த்தால் ஆயுளில் 4 முதல் 5 வருடம் குறைகிறது என்று அதில் கணக்கிட்டார்கள். உங்கள் அளவு அந்த 350-ஐப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். குடியால் போவது லிவர் மட்டுமல்ல. ரத்தக்கொதிப்பு, பக்கவாதம், வாய் மற்றும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் எல்லாம் அதே வழியில் வருபவை.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு 80 தாண்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார். அதே தெருவில் 45-ல் வயிறு வீங்கிப் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தான் ஆளில்லை.

ரிப்போர்ட்டைப் பார்ப்போம். கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்பதைவிட, எது எதைவிட ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், குடியால் லிவர் அடிவாங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, இந்த எண்கள் லிவர் செல் உடையும்போது கசிவதைத்தான் காட்டும். செல்கள் செத்துத் தழும்பாகிவிட்ட இடத்தில் கசிய ஒன்றுமில்லை. லிவர் சுருங்கிப்போனவருக்கும் ரிப்போர்ட் கிட்டத்தட்ட நார்மலாக வருவதுண்டு. அதனால் வயிறு ஸ்கேன், பிளேட்லெட் எண்ணிக்கை, முடிந்தால் லிவரில் தழும்பு எவ்வளவு என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். வெறும் கொழுப்பு படிந்த நிலையாக இருந்தால், அடியோடு நிறுத்திய சில வாரங்களில் இறங்கிவிடும். 43 வயதில் அதற்கு நல்ல வாய்ப்பிருக்கிறது.

டானிக்? கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலக்கும் இன்ஜினுக்குப் புது ஆயில் ஊற்றி அனுப்புவீர்களா? அதே கதைதான். குடித்துக்கொண்டே லிவரைக் காப்பாற்றும் டானிக் எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்தியது அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான். அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பல வருடம் தினமும் குடித்த மூளை, சரக்கு வராமல் போனதும் கட்டுப்பாடு இழந்து துடிக்கிறது. முதல் நாளே நடுக்கம், வேர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பூச்சி ஊர்வது அதில் ரொம்ப சகஜம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். மறுபடி குடித்ததும் சரியானதால் உடம்புக்குச் சரக்கு தேவை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். காலையில் ஃபீலர் கேஜ் பிடிக்கும் கை நடுங்கி, கட்டிங் போட்டதும் நிற்பதும் அதே நோய்தான், தினமும் சின்ன அளவில் வருகிறது.

வேலைக்கு மட்டம் போட்டதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கட்டிங் இல்லாமல் வேலைக்குப் போன காலை கடைசியாக எப்போது?

எனவே ஒன்று, வீட்டில் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கியும் முயற்சி செய்யாதீர்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் பாருங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். சில நாள் சேர்த்து வைத்து, நடுக்கமும் வலிப்பும் வராமல் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். அப்புறம் ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. லிவர் நிலையைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14446, கட்டணமில்லாத எண். வாந்தியில் ரத்தம், தார் போல் கறுப்பாக மலம், கண் மஞ்சள், வயிறு வீக்கம் இதில் எது வந்தாலும் ஓ.பி. நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. அம்மா, குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லும் பொடியை வாங்காதீர்கள். சிலவற்றில் டைசல்ஃபிராம் என்ற குடி நிறுத்த மருந்து இருக்கும். அதன் மேல் இவர் குடித்தால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தடைக்காலம் முடியட்டும் என்கிறீர்கள். படகெல்லாம் கரையேறி நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்கு வேலை தலைக்கு மேல் என்று தெரியும். அது முடிந்தால் ஆடி, அப்புறம் தீபாவளி. இந்த வாரமே போங்கள், வீட்டாரில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு. கட்டிங் போடாமல் காலையில் கிளம்ப முடியாது என்றால் போட்டுவிட்டே போங்கள், வெட்கப்பட வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மட்டும் அங்கே குறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் போடுவார்கள்.