என் போனில் இருந்த ஸ்டிக்கர்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அத்தை மகன் ஒரு மீம் போட்டான். கடன் வாங்கிவிட்டுப் போன் எடுக்காத நண்பனைப் பற்றியது. கீழே கொட்டை எழுத்தில் ‘அட சண்டாளா!’ அது ஒரு சாதியின் பெயர், வேண்டாமே என்றேன். ‘ஜோக்கைப் போய் ஆராய்ச்சி பண்றியே’ என்றான். பெரியப்பா வரைக்கும் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். நான்தான் அதிகப்படியாகப் பேசிவிட்டேனா?

கௌ., ஈரோடு

அன்புள்ள கௌ.,

இல்லை. ஆனால் உங்கள் அத்தை மகன்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. அதே சொல் போட்ட ஸ்டிக்கர் ஒன்று என் போனிலும் இருந்தது, அடிக்கடி அனுப்புகிற வரிசையில் மேலேயே.

எங்கள் பாட்டி வாயில் இந்தச் சொல் நாளுக்கு நாலு தடவை வரும். “சண்டாளப் பாவி, சாப்பிட்டுட்டுப் போடா” என்பாள். வன்மம் துளியும் கிடையாது. அந்தப் பெயரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் இந்தப் பெயர் இருக்கிறது. வசையாகவோ நகைச்சுவையாகவோ இதைப் பொதுவெளியில் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில் சொன்னது. ஒரு மேடைப் பாட்டு கிளப்பிய சண்டையை ஒட்டி வந்த அறிவிப்பு அது. அந்த வாரம் எல்லோரும் அரசியல் பேசினார்கள், அப்புறம் பழையபடி ஸ்டிக்கர் அனுப்பப் போய்விட்டோம்.

சொல்லும் நேற்று முளைத்ததல்ல. பிராமணப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்தவன் சண்டாளன், அவன் ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. கலந்து பிறந்ததற்கான தண்டனை அப்படியே பெயராகி, வசையாகி, இப்போது கடன்காரன் ஜோக்குக்கு வந்து நிற்கிறது.

பல வருடம் முன்பு என் கதை ஒன்றின் மெய்ப்பு திரும்பி வந்தபோது, ‘சண்டாளன்’ என்ற இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு, மேலே ‘பாவி’. மெய்ப்புப் பார்த்தவர் பிழை மட்டும்தான் திருத்துவார், சொல்லில் கை வைக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். “வேண்டாமே சார்” என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் அதற்குமேல் கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அதே ‘வேண்டாமே’ இருந்தது.

‘இப்படிப் பார்த்தால் மீமே போட முடியாது’ என்பார்கள். ஏன் முடியாது? 2019 மே மாதக் கடைசியில், சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஃபேஸ்புக்கில் எவரோ கேட்கப் போக, இதனால்தான் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று நம்மாள் ஒருவர் பதில் போட்டார். வடிவேலு நேசமணியாக வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் வெளியாகி 18 வருடம் ஆகியிருந்தது. நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டானது. அடி வாங்கியது வடிவேலு ஒருத்தர்தான், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

அத்தை மகனிடம் குழுவில் வாதாடாதீர்கள். நாற்பது பேர் பார்க்கும்போது எவனும் தோற்க மாட்டான், நானும் மாட்டேன். தனியாகப் போன் பண்ணுங்கள். திட்டுவதற்குச் சொல் இல்லையே என்றால் ‘கட்டையில போறவனே’ இருக்கிறது, ‘எடுபட்ட பயலே’ இருக்கிறது. எங்கள் பாட்டியின் பெட்டியில் இன்னும் நிறைய உண்டு, வேண்டுமானால் அனுப்புகிறேன். பெரியப்பாவை விட்டுவிடுங்கள், அவர் எதற்கும் அந்தப் பொம்மையைத்தான் போடுவார்.

என் ஸ்டிக்கரை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அழித்தேன். அதே மூஞ்சியில் ‘பாவி’ என்று போட்டது கிடைத்தால் அனுப்பி வையுங்கள்.