சட்டம் போன பிறகும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நம் சிங்கப்பூரில் ஒரே பாலின உறவு சம்பந்தமாக இருந்து 2022இல் நீக்கப்பட்ட 377ஏ சட்டப் பிரிவு பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை என் மகள்தான் எனக்கு அனுப்பினாள். அவளுக்கு 27 வயது. போன தீபாவளிக்கு மறுநாள், தான் ஒரு பெண்ணை விரும்புவதாக என்னிடம் சொன்னாள். அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அந்த மாதிரி விஷயமெல்லாம் வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் எதற்கு வருஷா வருஷம் ஹோங் லிம் பூங்காவுக்கு அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகிறாய் என்று கேட்டால், “உங்களுக்கு வரலாறே தெரியாதும்மா” என்கிறாள். இந்த வருஷம் என்னையும் கூப்பிடுகிறாள். என்ன பதில் சொல்வது என்று புரியவில்லை. தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈசூன்

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரைப் போடவில்லை. மகள் சொன்னதை நீங்களும் அவள் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

முதலில் வெள்ளைக்காரர் விஷயம். அவர்களிடமிருந்து வந்தது அந்தச் சட்டம். மெக்காலே தலைமையில் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதையே சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டித்த பிரிவுக்கு 377 என்ற எண்கூட மாறவில்லை. அது போதாதென்று 1938இல் 377ஏ வந்தது. ஆணும் ஆணும் நெருங்கிப் பழகினால், அது பொது இடமானாலும் பூட்டிய அறையானாலும், இரண்டாண்டு வரை சிறை. லண்டனில் 1885இல் எழுதிய ஒரு பிரிவைப் பார்த்து எழுதியது அது. ஆஸ்கார் வைல்டை 1895இல் இரண்டாண்டு கடுங்காவலுக்கு அனுப்பியதும் அந்தப் பிரிவுதான். இங்கிலாந்து 1967இல் அதைத் தளர்த்திக்கொண்டது. நாம் சுதந்திரம் அடைந்த பிறகும் 57 ஆண்டுகள் அதைக் கட்டிக் காத்தோம்.

இந்தத் தீவுக்கு வணிகம் செய்ய வந்த பூகிஸ் மக்களின் மொழியில் ஆண், பெண் போக இன்னும் மூன்று பாலினங்களுக்குப் பெயர்கள் உண்டு. பாலினமும் யார்மீது ஈர்ப்பு என்பதும் வெவ்வேறு விஷயங்கள்தான். ஆனாலும் ‘எல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள். 377ஏ ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. உங்கள் மகள் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வார்கள் என்பதே அதை எழுதியவர்கள் கணக்கில் இல்லை. இலங்கையில் 1995இல் இதே போன்ற பிரிவைத் திருத்தியபோது ‘ஆண்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பொதுவாக ‘நபர்கள்’ என்று போட்டார்கள். விளைவு, அதுவரை வெளியே இருந்த பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். நம் ஊரில் அப்படி நடக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், சட்டம் போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்கள் மகளிடம் சொல்ல முடியாது. அவளுடைய பிரச்சினை அந்தப் பிரிவில் தொடங்கவே இல்லை.

சரி, வரலாறு தெரியாது என்கிறாளே, அதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் 1993இலிருந்து சொல்வேன். அந்த மே மாதம், ஆண்களை விரும்பும் ஆண்கள் கூடும் ராஸ்கல்ஸ் என்ற டிஸ்கோவில் போலீஸ் சோதனை நடந்தது. அடையாள அட்டை கையில் இல்லாதவர்களை இரவு முழுவதும் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அப்படி நடந்தால் வெளியே வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த முறை சிலர் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுக் காவல்துறைக்குக் கடிதம் அனுப்பினார்கள், வருத்தம் தெரிவித்துப் பதிலும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சோங் ரூவில் போலீஸார் மாறுவேடத்தில் போய் 12 ஆண்களைப் பிடித்தார்கள். அவர்களைப் பற்றிய விவரங்கள் நாளிதழில் வந்தன. சிறைத் தண்டனையோடு பிரம்படியும் கிடைத்தது. 377ஏ பிரிவில் பிரம்படி கிடையாது, மானபங்கப் பிரிவைப் போட்டுத்தான் அதைக் கொடுத்தார்கள்.

ஒரே பாலினத்தாரை விரும்புகிறவர்களின் ‘பீப்பள் லைக் அஸ்’ என்ற குழு உருவானதும் 1993இல்தான். இங்கே பத்து பேரோ அதற்கு மேலோ சங்கமாகக் கூடினால் பதிவு செய்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கோயில் நிர்வாகமும் தமிழ் மன்றங்களும் அப்படித்தானே நடக்கின்றன. அவர்களும் விண்ணப்பித்தார்கள். 1997இல் மறுக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பித்தார்கள், 2004இல் மறுபடியும் மறுப்பு. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களில் ஆண்கள் அந்தச் சட்டம் இருக்கும்போதே தங்கள் பெயரை அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தார்கள்.

2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது பழைய 377 போயிற்று, 377ஏ மட்டும் இருந்தது. அதையும் நீக்கக் கோரி நியமன நாடாளுமன்ற உறுப்பினர் சியூ கும் ஹோங் மனு கொடுத்தார். சட்டம் ஏட்டில் இருக்கும், ஆனால் அதை வைத்துத் தேடிப் போய்ப் பிடிக்க மாட்டோம் என்று பிரதமர் லீ சியன் லூங் சொன்னார்.

பெண்கள் முன்னால் வந்து நின்ற கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் அவேர் என்ற பெண்கள் அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், அதுவரை யாரும் பார்த்திராத புதிய உறுப்பினர்கள் திரண்டு வந்து நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். அவேர் பள்ளிகளில் நடத்திய பாலியல் கல்வி வகுப்பில் ஒரே பாலினத்தாரிடையே வரும் ஈர்ப்பைக் கெட்டது என்று சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அவர்கள் கோபம். மே 2ஆம் தேதி சன்டெக் மாநாட்டு அரங்கில் அவசரக் கூட்டம் கூடியது. மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கத்திப் பேசி, இரவுவரை இருந்து வாக்களித்தார்கள். 1,414 பேர் புதிய நிர்வாகத்துக்கு எதிராக, 761 பேர் ஆதரவாக. அங்கே வந்தவர்களில் பலர் ஆண்களைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்ற சாதாரணப் பெண்கள், உங்களையும் என்னையும் போல. இன்னொருத்தி மகளுக்காக நின்றார்கள்.

அது நடந்து இரண்டே வாரத்தில், மே 16ஆம் தேதி, ஹோங் லிம் பூங்காவில் முதல் ‘பிங்க் டாட்’ கூட்டம். உங்கள் மகள் வருஷா வருஷம் போவது இதற்குத்தான். ஏறக்குறைய 2,500 பேர். ஏன் இளஞ்சிவப்பு என்றால், நம் கொடியின் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் வரும் நிறம். நம் அடையாள அட்டையின் நிறமும் அதுதான். 2015இல் 28,000 பேர் வந்தார்கள். 2017இல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே வரலாம் என்றாகி, பூங்காவைச் சுற்றித் தடுப்பு போட்டு, வாசலில் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். அப்போதும் 20,000 பேர் வந்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தரக்கூடாது என்றதும் 120 உள்ளூர் நிறுவனங்கள் கொடுத்தன.

இதில் நம்மவர்கள் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 2010இல் 377ஏ பிரிவை எதிர்த்து முதல் வழக்கைப் போட்ட வழக்கறிஞர் எம். ரவி. அந்த வழக்கு 2014இல் தோற்றது. ஆனால், இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வரலாம் என்ற தீர்ப்பை 2012இல் வாங்கிக் கொடுத்தது அதே வழக்குதான். பிறகு வந்தவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தார்கள். 2022 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு, அந்தச் சட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்றது. நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அதை நீக்க 93 பேர் வாக்களித்தார்கள், மூவர் மட்டும் எதிர்ப்பு. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் கா. சண்முகம். இதற்கெல்லாம் முன்பே, 1971இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். அது திருநங்கைகளின் கதை, தனியாக எழுத வேண்டியது.

சட்டத்தை நீக்கிய அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்ற விளக்கத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்பைத் திருத்தினார்கள். ஆகவே உங்கள் மகளும் அவள் விரும்பும் பெண்ணும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 35 வயதுவரை காத்திருக்க வேண்டும், அதுவும் தனியாட்கள் என்ற கணக்கில். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயது, இனம், சமயம், மொழி எல்லாம் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. யாரை விரும்புகிறார் என்பது பட்டியலில் இல்லை. இன்னும் எதற்குப் போகிறாய் என்று கேட்டீர்களே, இதற்குத்தான் போகிறாள்.

என் சின்ன மாமா ரெட்ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் தம் நண்பரோடு 26 வருஷம் இருந்தார். நாங்கள் அவரை ‘மாமாவின் ரூம்மேட்’ என்போம். மாமாவுக்கு மூத்திரக் குழாய் மாற்றியது, கஞ்சி கொடுத்தது, இரவு முழுக்கக் கண் விழித்தது எல்லாம் அவர்தான். மாமா இறந்ததும் பேப்பரில் போட்ட மரண அறிவிப்பில் அக்கா, தங்கை, மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினேழு பெயர்கள். அவர் பெயர் இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்தாரோடு அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மண்டாய் தகனச் சாலைக்குப் போன பேருந்தில் அவருக்கு இடம் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்சியில் வந்தார். அந்தப் பட்டியலை எழுதியவள் நான். எந்தச் சட்டமும் என் கையைப் பிடிக்கவில்லை.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சின்னக் கடிதத்தில் ‘அந்த மாதிரி’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்மிடம் நல்ல சொற்கள் வந்துவிட்டன. தன்பாலீர்ப்பு என்கிறோம், பால்புதுமையினர் என்கிறோம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு இளம்பெண்கள் தங்கள் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் 2021இல் உத்தரவு எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாட்டு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. நீதிபதிக்கே கற்றுக்கொள்ள நேரம் தேவைப்பட்டது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இன்றைக்கே மகளிடம் கேளுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அது எங்குமே இல்லை.

பிங்க் டாட்டுக்குப் போங்கள். வழக்கமாக ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. வெயில் இறங்கும்வரை பூங்காவில் நிழல் போதாது, குடையும் தண்ணீரும் வேண்டும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். தனியாக நிற்கத் தயக்கமாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கிளார்க் கீ எம்ஆர்டி வாசலில் நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா