தலைவர் இடம் காலி: ஊராட்சி செக்கில் இனி யார் கையெழுத்து?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் சிறிய ஊராட்சி எங்களுடையது. தலைவர் போன மாதம் காலமாகிவிட்டார். போர் மோட்டார் எரிந்து 15 நாள் ஆகிறது. பழைய பாக்கி வராமல் கை வைக்க மாட்டேன் என்கிறார் மெக்கானிக். துணைத் தலைவரைக் கேட்டால், தனக்கு அதிகாரம் இல்லை, பிடிஓ-தான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) பார்க்க வேண்டும் என்கிறார். ஒன்றிய அலுவலகத்தில், 'உங்க ஊர்ல மன்றம் இருக்கே, நாங்க எப்படி வர்றது' என்கிறார்கள். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊராட்சியை அதிகாரிதான் நடத்துகிறார். எங்களுக்கு யார் பொறுப்பு?

பதில்: துணைத் தலைவர்தான். தலைவர் பதவி காலியானால் புதியவர் பொறுப்பேற்கும்வரை தலைவரின் வேலைகளைத் துணைத் தலைவர் செய்ய வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. இதற்காக யாரும் அவருக்குத் தனி ஆணை கொடுக்கத் தேவையில்லை. எனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்வது அறியாமையாக இருக்கலாம், பழைய பாக்கிகளுக்குப் பொறுப்பேற்கத் தயக்கமாகவும் இருக்கலாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கதை வேறு. கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அங்கே ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர் என மன்றமே இல்லாமல் போனதால் தனி அலுவலர் வந்தார். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தென்காசி, திருநெல்வேலி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஆகவே உங்கள் மன்றத்தின் ஆயுள் 2026 அக்டோபர் வரை. ஒரு நாற்காலி காலியானதற்காக அதிகாரி வந்து உட்கார முடியாது. ஒன்றிய அலுவலகம் சொன்னது, தொனியை விட்டுவிட்டுப் பார்த்தால், சரிதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். உங்கள் ஊரில் எல்லாம் நின்றுபோனதன் காரணம் அதிகாரம் இல்லாதது அல்ல, இரண்டாவது கையெழுத்து இல்லாதது. ஊராட்சி நிதியிலிருந்து போகும் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாதபோது, இருப்பவருடன் மன்றக் கூட்டம் அதிகாரம் கொடுத்த இன்னொரு வார்டு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று 188-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானம் உங்கள் ஊரில் நிறைவேறவில்லை என்றே தெரிகிறது.

இதைக் கிராம சபையில் போட்டால் செல்லாது. பல ஊர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஊர்கூடி ஒருமனதாகக் கைதூக்கினாலும் வங்கி அதை ஏற்காது. வேண்டியது வார்டு உறுப்பினர்கள் கூடும் மன்றக் கூட்டத்தின் தீர்மானம். துணைத் தலைவர் கூட்டப் பொருளை எழுதி, குறைந்தது 3 முழு நாள் இடைவெளி விட்டு, ஒவ்வொரு உறுப்பினரிடமும் அறிவிப்பைச் சேர்த்துக் கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுப்பது ஊராட்சிச் செயலர் வேலை. ஒருவருக்கு அறிவிப்பு போகாவிட்டாலும் பின்னால் அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

தீர்மானத்தின் வாசகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 'உறுப்பினர் ஒருவருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது' என்று மொட்டையாக எழுதினால் வங்கியிலிருந்து திரும்பி வரும். தலைவர் இறந்த தேதி, துணைத் தலைவரின் பெயர், கூடக் கையெழுத்திடும் உறுப்பினரின் பெயரும் வார்டு எண்ணும், எந்தத் தேதியிலிருந்து, புதிய தலைவர் பொறுப்பேற்கும்வரை என்ற வரி, ஊராட்சியின் எல்லா வங்கிக் கணக்கு எண்களும் அதில் இருக்க வேண்டும். பொதுநிதிக் கணக்கை மட்டும் எழுதிவிட்டு, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் உள்ள கணக்கை மறந்துவிடுவது வழக்கம். அடுத்த மாதம் தெருவிளக்கு பில்லில் வந்து நிற்கும். தீர்மான நகல், இறப்புச் சான்று, இருவரின் மாதிரிக் கையொப்பம், ஆதார், பான் நகல்கள், பிடிஓ (கிராம ஊராட்சி) கடிதம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வங்கியில் கொடுத்தால் அலைச்சல் குறையும்.

இணையவழிப் பணப்பட்டுவாடாவுக்குக் காகிதக் கையெழுத்து போதாது. மறைந்த தலைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை முடக்கி, புதியவர்களுக்குப் பதிய வேண்டும். அந்தக் கையொப்பம் உள்ள, பென்டிரைவ் போன்ற டோக்கன் பல ஊர்களில் தலைவரிடம் இருப்பதே இல்லை. செயலரிடமோ கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடமோ இருக்கும். அது யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த செக்குகள் புத்தகத்தில் மிச்சம் இருந்தால், அவற்றின் எண்களைத் தீர்மானத்திலேயே எழுதி ரத்து செய்துவிட வேண்டும். இறந்த தேதிக்குப் பிறகு அந்தச் செக்கிலோ டோக்கனிலோ ஒரு ரூபாய் போயிருந்தாலும் அது தணிக்கைக் குறைபாட்டோடு நிற்காது, போலீஸ் வழக்காகும்.

மெக்கானிக்கின் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். பில், மன்றத் தீர்மானம், ஒன்றியப் பொறியாளர் அளந்து எழுதிய எம்-புக் (அளவுப் புத்தகம்) பதிவு மூன்றும் இருந்தால் கொடுக்கத் தடையில்லை. தலைவர் வாய்ச்சொல்லில் செய்த வேலையாக இருந்தால், வேலை நடந்தது உண்மைதானா என்று பார்த்து, அதே கூட்டத்தில் பின்னேற்புத் தீர்மானம் (நடந்துவிட்ட வேலைக்குப் பின்னால் ஒப்புதல்) போட வேண்டியிருக்கும். கழற்றிய பழைய மோட்டார் காயில் கம்பி இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாமிரத்துக்குக் கால் முளைப்பது ஊரறிந்த விஷயம்.

இதெல்லாம் முடிய இரண்டு வாரமாவது ஆகும். தண்ணீர் அதுவரை காத்திருக்காது. பொதுமக்கள் பாதுகாப்புக்கு உடனே செய்தாக வேண்டிய வேலையைச் செய்யச் சொல்லி, செலவை ஊராட்சி நிதியிலிருந்தே கொடுக்க உத்தரவிடும் அவசர அதிகாரம் 203-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, எத்தனை குடும்பம், எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை, வேறு எந்த நீராதாரம் இருக்கிறது என்று எழுதுங்கள். 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று மட்டும் முடியும் மனு கோப்பில் தூங்கும். நகலை ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் கொடுங்கள். 'ஊராட்சி மணி' என்ற புகார் மையத்தின் 155340 எண்ணில் பதிந்து புகார் எண் வாங்கி வைத்தால் பின்தொடர வசதி. கூடக் கையெழுத்திட யாரைப் போடுவது என்று உறுப்பினர்கள் அணி பிரிந்து தீர்மானமே நிறைவேறாவிட்டாலும் ஆட்சியரிடம்தான் போக வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. கிராமத்தில் அது விஏஓ வேலை. வீட்டு வரியை இணையத்தில் கட்டலாம். தலைவர் இல்லை என்று ரசீது இல்லாமல் யாரும் கையில் பணம் வாங்க அனுமதிக்காதீர்கள்.

இடைத்தேர்தலை அறிவிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். ஊர் ஊராக உடனுக்குடன் நடத்துவதில்லை. 2022 ஜூலை 9 அன்று நடந்ததுபோல, காலியிடங்களைச் சேர்த்து நடத்துவதே வழக்கம். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கோ பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்டதாக இருந்தால் இடைத்தேர்தலும் அதே ஒதுக்கீட்டில்தான். துணைத் தலைவர் அந்தப் பிரிவைச் சேராதவர் என்பதால் பொறுப்பு வகிக்கக் கூடாது என்று சில ஊர்களில் சண்டை வரும். துணைத் தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு இல்லாததால் அந்த வாதம் நிற்காது. ஜெயித்து வருபவருக்குப் புதிதாக ஐந்தாண்டு கிடையாது, மிச்சமுள்ள மாதங்கள்தான்.

அடுத்த கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். தலைவர் இறந்த நாளன்று ஒவ்வொரு கணக்கிலும் இருந்த இருப்பையும், அதற்குப் பின் வந்த வரவு செலவையும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். அவர் உரியவர் இல்லை என்றாலும் 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்ற வேண்டியது அவர் கடமை. பதிலுக்கான கெடு 30 நாள்.