வெள்ளையணு திசுவை எப்படிப் பிடிக்கிறது? கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணு, திசுவுக்குள் போனதும் எதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது?

பதில்: திசுவில் செல்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் இல்லை. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், லாமினின் என்று புரதங்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிடிக்க வெள்ளையணுவின் சவ்வில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா என ஜோடியாகத்தான் இருக்கும். மனித உடலில் மொத்தம் 24 ஜோடிகள். எதைப் பிடிக்கும் என்பது ஜோடியைப் பொறுத்தது. ஆல்ஃபா1பீட்டா1 கொலாஜனைப் பிடிக்கும், ஆல்ஃபா6பீட்டா1 லாமினினை.

கேள்வி: அத்தனை பெரிய ஃபைப்ரோனெக்டினில் எந்த இடத்தை?

பதில்: அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். வரிசையாக இந்த மூன்றே அமினோ அமிலங்கள் போதும் என்று 1984இல் பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களில் நிறைய இருக்கும் ஆல்ஃபா4பீட்டா1 அதே புரதத்தில் வேறோர் இடத்தைப் பிடிக்கும். எங்கே பிடித்தாலும் நடுவில் மெக்னீசியம் போன்ற ஓர் உலோக அயனி வேண்டும், அதனால்தான் ஆய்வகத்தில் இ.டி.டி.ஏ. ஊற்றி அயனிகளை உறிஞ்சிவிட்டால் ஒட்டியிருந்த செல்கள் கழன்று வந்துவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால் ரத்தத்தில் போகும்போதே எதிலாவது ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: நல்ல கேள்வி. சும்மா இருக்கும்போது இன்டெக்ரின் மடங்கிக் கிடக்கும், பிடிமானம் இருக்காது. அழற்சி உள்ள இடத்திலிருந்து கெமோகைன் என்ற அழைப்புப் புரதம் வந்து தொட்டதும், செல்லுக்குள்ளே டாலின், கிண்ட்லின் என்ற இரண்டு புரதங்கள் பீட்டாவின் வால்பகுதியில் போய் ஒட்ட, வெளியே இருக்கும் பகுதி நிமிர்ந்து விரிகிறது. உத்தரவு உள்ளிருந்து வெளியே போகிறது, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: இறுக்கிப் பிடித்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை. பின்பக்கம் விடாவிட்டால் செல் நகரவே முடியாது. சில இடங்களில் பிடியே இல்லாமலும் நகரலாம்: டென்ட்ரிடிக் செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களில் இன்டெக்ரின்களையே நீக்கிப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், முப்பரிமாண வலைக்குள் அவை உருவத்தை மாற்றி மாற்றி நெளிந்தே போயின.

கேள்வி: குழந்தைக்குத் தொப்புள்கொடி 10 நாளாகியும் விழவில்லை. பீட்டா2 குறைபாடாக இருக்குமோ?

பதில்: 10 நாள் சாதாரணம்தான், பயப்படாதீர்கள். வெள்ளையணுவில் பீட்டா2 வகை இன்டெக்ரின் பிறவியிலேயே சரியாக அமையாத அந்தக் குறைபாடு மிக மிக அரிது. அதில் கொடி விழ மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் ஆகலாம், ரத்தத்தில் வெள்ளையணு எக்கச்சக்கமாக இருந்தும் புண்ணில் சீழ் பிடிக்காது, ஏனென்றால் அவை ரத்தக்குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. கொடியைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இந்தப் பிடியைத் தடுக்க மருந்து உண்டா?

பதில்: உண்டு. நடாலிசுமாப் ஆல்ஃபா4ஐ மறைத்து, டி செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது; நோயெதிர்ப்பு செல்களே நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோய்க்குத் தருகிறார்கள். சிக்கல் என்னவென்றால் காவலும் குறைந்துபோவதால் சிலருக்கு ஜே.சி. வைரஸ் மூளையைத் தாக்கியது. 2005இல் திரும்பப் பெற்று, 2006இல் கடும் கண்காணிப்போடு மறுபடி அனுமதித்தார்கள். பின்னால் வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா4பீட்டா7ஐ மட்டும் குறிவைப்பதால் அதன் வேலை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிறது.