இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய அமெரிக்கர்கள் அதே நாட்டின் ஆட்சிமுறையை ஏன் எடுத்துக்கொண்டார்கள்?

போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. 1215 மேக்னா கார்ட்டா (இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த சாசனம்), 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் என்று ஆண்டுகளை உருப்போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: யாரும் போய் எடுத்துக்கொள்ளவில்லை, கப்பலேறும்போதே கொண்டுபோனார்கள்.

1606-இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கொடுத்த சாசனத்தில், அங்கே குடியேறுவோருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குள்ள உரிமைகள் எல்லாம் உண்டு என்று இருக்கிறது. பின்னால் வந்த உரிமைச் சண்டைக்கெல்லாம் இதுதான் ஆதாரப் பத்திரம்.

1619 ஜூலை 30 அன்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது. 11 குடியிருப்புகள், ஊருக்கு இரண்டு பேர். வெயில் தாங்காமல் ஆறே நாளில் கலைந்துவிட்டார்கள். ஒரு உறுப்பினர் அதற்குள் இறந்தே போனார். ஆனாலும் முதல் தரப் புகையிலை ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் என்று விலை வைக்க மறக்கவில்லை! (அடுத்த மாதமே ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக்கொண்டு ஒரு கப்பல் வர்ஜீனியாவுக்கு வந்தது. அந்த 'உரிமைகள்' அவர்களுக்கு இல்லை.)

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் தத்துவத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் கஜானா சாவி. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மன்னரை வழிக்குக் கொண்டுவரும் வித்தையை இங்கிலாந்து நாடாளுமன்றத்திடம் கற்ற குடியேற்றச் சபைகள், அதை ஆளுநர்களிடம் காட்டின. 1728-இல் மாசசூசெட்ஸுக்கு வந்த ஆளுநர் பர்னெட், நிரந்தரச் சம்பளம் கேட்டார். சபை கடைசிவரை அசைந்து கொடுக்கவில்லை.

அதனால்தான் 1765-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட முத்திரைத்தாள் வரி வந்தபோது அப்படிக் கொதித்தார்கள். நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் மன்னர் வரி போடக் கூடாது என்பது இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டம். சரி, எங்கள் ஆள் ஒருவர்கூட உட்காராத நாடாளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று கேட்டார்கள். ஆங்கிலேயருக்குரிய உரிமையை ஆங்கிலேயரிடமே கேட்ட சண்டை அது.

அந்த 1689 சட்டத்தையும் 1791-இல் வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவுமீறிய ஜாமீன், அளவுமீறிய அபராதம், கொடூரமான தண்டனை என்று அதே வரிசை, ஏறக்குறைய அதே சொற்கள். பழையதில் 'கேட்பது தகாது' என்ற தொனி. புதியதில் 'கேட்கக் கூடாது'.